அறுபத்திரண்டு தாள் பத்தொன்பது ஆன கதை

ரிட்டயர் ஆகி வீட்டோடு இருக்கிறேன் என்றுதான் பேர். என்னோடு கடைசியாக வேலை பார்த்த பிள்ளைகள் விட்டால்தானே. போன மாதம் ரெண்டு பேர் போன் போட்டு, "மேடம், உங்க சர்வீஸ்ல மொத்தம் எத்தனை வரி புரோகிராம் எழுதியிருப்பீங்க?" என்று கேட்டார்கள். இப்போது கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதுகிறதாம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆயிரக்கணக்கான வரிகளைக் கொட்டிவிடுகிறதாம். பழைய ஆள் எவ்வளவு எழுதினாள் என்று பார்க்க ஆசையாம்.

எழுதினதை நான் எண்ணவில்லை, அழித்ததைக் கேளுங்கள், தாள் கணக்கோடு சொல்கிறேன் என்றேன். சிரித்தார்கள். சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் போடி. அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணி, எழுபதுகளின் கடைசியில் ஒரு ஏலக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுவில் கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. அதை யார் தொடுவது என்று ஆளாளுக்குப் பின்வாங்க, மேனேஜர் என்னைக் கைகாட்டினார். மூன்று மாதம் காலையில் ரயிலேறி மதுரைக்குப் போய் பாஸ்கல் என்ற புரோகிராம் மொழியைப் படித்தேன், சாயங்காலம் திரும்பினேன். ரயிலில் தூங்கினது பாதி, படித்தது பாதி. என் படிப்பு அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனி என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். போடிமெட்டுப் பக்கமிருந்தும் தேவாரத்து மலையிலிருந்தும் தோட்டக்காரர்கள் ஏலக்காய் மூட்டைகளை ஜீப்பில் இறக்குவார்கள். சரக்கு வைக்கிற கிட்டங்கியின் வாசலில் ஒரே ஒரு தராசு. அதில் எடை போட்டவுடனே அந்தச் சரக்குக்கு ஒரு லாட்டு நம்பர் விழும். அதே நம்பர் மூட்டை மேல், தோட்டக்காரர் கையில் கொடுக்கிற சீட்டில், ஏல மேசையில் சாம்பிள் காய் வைக்கிற தட்டில் என்று எல்லா இடத்திலும் இருக்கும். வாரம் ஒரு நாள் ஏலம். எந்த நம்பரில் எத்தனை மூட்டை, என்ன எடை, யாருடைய காய் என்று ஒரு பட்டியல் அடித்து வியாபாரிகளுக்குக் கொடுப்போம். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஏலம் கூறுவார்கள்.

பட்டியல் என் சோலி. அதைச் சரிபார்ப்பது மேனேஜர் சண்முகவேல் சாருடைய சோலி. அவர் சரிபார்க்கிற விதம் தனி. மர ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, கடைசி வரியிலிருந்து மேலே மேலே படித்துக்கொண்டு போவார். மேலிருந்து படித்தால் கண்ணு முந்திக்கிட்டு ஓடிடும்மா, தப்பு தெரியாது என்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வேலை சரியாக இருந்தால் "ம்" என்பார். தப்பாக இருந்தால் "சரி" என்பார். ஆபீசில் எல்லாருக்கும் அந்தச் "சரி"யைக் கேட்டால் பயம்.

கம்ப்யூட்டரோடு ஒரு சின்ன எடிட்டரும் வந்தது. திரையில் எழுத்தடிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம், பிரிண்டருக்கு அனுப்பலாம். வேறு ஒன்றும் அதற்குத் தெரியாது. மெஷினை விற்ற மதுரைக் கடையில் சேகர் என்று ஒருவர் இருந்தார், அவர் எழுதியது. அடிக்கடி போடிக்கு வர முடியாது என்பதால் புரோகிராம் எழுதின மூல வரிகளையும் ஒரு பிளாப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார். எங்காவது இடறினால் நானே ஒரு ஒட்டுப் போட்டுக்கொள்வேன். சேகர் வரும்போது அவர் ரெண்டு ஒட்டுப் போடுவார். மனுசன் கெட்டிக்காரர்தான், ஆனால் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது.

ஒரு தடவை அவர் வந்தபோது நானேதான் கேட்டேன். "நூறு லாட்டுக்கும் நம்பர் அடிச்சு அடிச்சு விரல் தேயுது. அதுவா நம்பர் போட்டுக்கிற மாதிரி செய்யுங்களேன்" என்றேன். அன்றைக்கு மத்தியானத்துக்குள் செய்து கொடுத்துவிட்டார். வரிக்கு வரி தானாக நம்பர் விழுந்தது. எனக்கு ஒரே குஷி.

அடுத்த ஏலத்தன்று காலையில், ஏலம் தொடங்க அரை மணி இருக்கும்போது ஒரு தோட்டக்காரர் வந்து, இந்த வாரம் விலை படியாது, என் லாட்டை எடுத்துருங்க என்றார். இது வழக்கமாக நடக்கிறதுதான். அவருடையது நாற்பத்தொன்று. எப்போதும் போல அந்த வரியை அழித்தேன். முன்பெல்லாம் நாற்பதுக்கு அடுத்து நாற்பத்திரண்டு நிற்கும், நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையைப் பார்த்தால் லாட்டு வாபஸ் என்று வியாபாரிகளுக்குப் புரியும். இந்தத் தடவை எடிட்டர் ரொம்பச் சமர்த்தாக நாற்பத்திரண்டை நாற்பத்தொன்று ஆக்கியது. நாற்பத்துமூன்றை நாற்பத்திரண்டு ஆக்கியது. கடைசி வரை இப்படியே இழுத்துவிட்டது. மேனேஜர் முந்தின நாளே படித்து முடித்திருந்தார். நான் பார்க்காமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

ஏலம் கூறுகிறவர் காமு அண்ணன். வெண்கலக் குரல். நாற்பத்தொன்றின் தட்டை மேசையிலிருந்து யாரும் எடுக்கவில்லை; தட்டில் ஒரு லாட்டு, தாளில் அடுத்த லாட்டு என்று பதினேழு லாட்டு போய்விட்டது. ஐம்பத்தெட்டைக் கூப்பிட்டபோதுதான் தேவாரத்துத் தோட்டக்காரர் ஒருவர் கையிலிருந்த சீட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"யோவ், ஐம்பத்தெட்டு என் காயி. நாலு மூட்டை. நீங்க ஒம்போதுன்னு கூப்புடுறீங்க. என் பொழப்புல மண்ணைப் போடவா மலையிலருந்து எறங்கி வந்தேன்?"

ஹால் முழுக்க ரகளை. விற்ற பதினேழும் செல்லாது என்று அறிவித்துவிட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் திரும்ப ஏலம் விட்டார்கள். காமு அண்ணன் என் மேசைக்கு வந்து தாளை வைத்தார். "தாயி, நம்பரு மூட்டைக்குச் சொந்தம். வரிக்குச் சொந்தமில்ல. இதை உன் மெஷினுக்கு யாரு சொல்றது? இனிமே நான் கையால எழுதுன பட்டியலை வச்சுத்தான் கூப்புடுவேன்" என்றார். மேனேஜர் தள்ளி நின்று, "சரி" என்றார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "ஏம்மா புஷ்பம், அடுத்த வாரம் பட்டியல் பழையபடி ஸ்டென்சில்ல டைப் அடிச்சுப் போகட்டும். அதுக்கடுத்த வாரம் மெஷின்ல அடிங்க. ஒரு தப்பு வந்தாலும் மெஷினை மதுரைக்கே திருப்பி அனுப்பிருவேன். உங்க டைப்பிஸ்ட் இடத்துக்கு ஆள் போட்டாச்சு, தெரியும்ல?"

தெரியும். மெஷின் போனால் எனக்கும் அங்கே சோலி இல்லை. வீட்டில் ஏற்கனவே, படிச்சது போதும், சம்பாதிச்சது போதும் என்று கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ அந்தப் பச்சை எழுத்துத் திரையை விட்டு எழுந்திருக்க மனசில்லை. அந்த வேலையில் எனக்கு உசிர் இருந்தது. சொல்ல வெட்கமில்லை.

சேகருக்கு டிரங்கால் போட்டேன். "அவ்வளவுதானே, வாபஸ் லாட்டுக்கு ஒரு தனி ஆப்ஷன் போட்டுத் தர்றேன்" என்றார்.

"வேண்டாம் சார். பிரிச்சு எழுதப் போறேன்."

"அய்யய்யோ, வேலை செய்யற புரோகிராம்ல கையை வைக்காதீங்க மேடம்."

"அது வேலை செய்யலைங்கறதுக்குத்தானே போனே போட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

வீராப்பாகப் பேசிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் உதறல். மொத்தப் புரோகிராமையும் பிரிண்ட் எடுத்தேன். அறுபத்திரண்டு தாள். மேனேஜரிடம் சிவப்பு நீலப் பென்சிலை இரவல் வாங்கி ரெண்டு நாள் படித்தேன். வரியை அழிக்கிற வேலை ஏழு இடத்தில் இருந்தது. ஒரு வரியை அழிக்க ஒன்று, பல வரியைச் சேர்த்து அழிக்க ஒன்று, ரெண்டு வரியை இணைக்கும்போது ஒன்று என்று ஒவ்வொன்றும் அதனதன் இஷ்டத்துக்கு வரிகளை மேலே இழுத்தது. ஒன்று பூஜ்யத்திலிருந்து எண்ணும், இன்னொன்று ஒன்றிலிருந்து எண்ணும். நம்பர் போடுகிற வேலை அதில் ஐந்து இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டு. சேகரைத் திட்டிக்கொண்டே படித்தேன், திடீரென்று பார்த்தால் அதில் நாலு ஒட்டு நான் போட்டது. அப்புறம் திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

எங்கே கை வைப்பது என்று தெரியாமல் கிட்டங்கி வாசல் பக்கம் போய் நின்றேன். நல்ல மழை. போடிமெட்டு ஜீப்பு ஒன்று வந்து, பின்பக்கக் கதவு வழியாக இறக்கிவிடுகிறேன், காயி நனையுது என்று டிரைவர் மல்லுக்கட்டினார். எடை போடுகிறவர் அசைந்து கொடுக்கவில்லை. "எந்த மலையிலருந்து வந்தாலும் இந்தத் தராசுல ஏறி எறங்கித்தான் உள்ள போகணும். வெளிய போறதுக்கும் இதே வாசல்தான்" என்றார்.

எத்தனையோ வருஷமாகக் கேட்கிற பேச்சுதான். அன்றைக்கு மண்டையில் உறைத்தது. எங்கள் கிட்டங்கியில் மூட்டை காணாமல் போனதே கிடையாது, ஏனென்றால் வாசல் ஒன்று. என் எடிட்டரில் ஏழு வாசல். வரியை உள்ளே வைக்க ஒரே இடம், வெளியே எடுக்க ஒரே இடம், புரோகிராமில் மற்ற எந்தப் பகுதியாக இருந்தாலும் அந்த ரெண்டு இடத்தைக் கூப்பிட்டுத்தான் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு பண்ணினேன். நம்பர் போடுகிற சமர்த்து மொத்தமும் வெளியே. விரல் தேய்ந்தால் தேயட்டும்.

வேலை செய்த முறையைச் சொல்கிறேன், பிள்ளைகள் இதைக் கவனித்துப் படிக்கட்டும். முதலில் பிளாப்பியை மூன்று நகல் எடுத்தேன். பிறகு ஒரு பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு, அதில் செய்ய வேண்டிய முப்பது காரியங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். பத்தாவது வரியை அழி, இருபதாவதுக்கு மேல் புதுசு சேர், ரெண்டை இணை, இப்படி. பழைய எடிட்டரில் நம்பர் வசதியை மட்டும் நிறுத்திவிட்டு அந்த முப்பதையும் செய்து ஒரு பிரிண்ட் எடுத்து வைத்தேன். அதற்கப்புறம் புரோகிராமில் ஒரே ஒரு மாற்றம் செய்வேன். அதே முப்பதையும் அதே வரிசையில் செய்து பிரிண்ட் எடுப்பேன். ரெண்டு தாளையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்து வெளிச்சத்தில் பார்ப்பேன். எழுத்து மேல் எழுத்து அச்சாக உட்கார்ந்தால் அடுத்த மாற்றம். கொஞ்சம் பிசகினாலும் நகலிலிருந்து திரும்ப ஆரம்பம். கரண்டு போனால் போனதுதான், அந்த முப்பதையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். புது டைப்பிஸ்ட் பெண் என்னைப் பார்த்து, "அக்கா, ஜன்னல்ல என்ன எக்ஸ்ரேயா பாக்குறீங்க?" என்று கேலி பண்ணுவாள். ஆமாம் ஆத்தா, எலும்பு முறிஞ்சிருக்கான்னு பாக்குறேன் என்பேன்.

ஏழு வாசலில் ஆறை அடைக்கிற வரை தாள்கள் பொருந்தின. கடைசி ஒன்றை அடைத்தேன். ஜன்னலில் பார்த்தால் புதுத் தாளில் ஒரு வரியைக் காணோம். திரையின் கடைசி வரியாக இருந்த வரி. அந்த வாசலோடு சேர்த்து எடுத்துப்போட்ட ஒரு துண்டைத் திரும்ப உள்ளே வைத்தால் வருகிறது, எடுத்தால் போகிறது. அந்தத் துண்டு மூன்றே வரி. என்ன செய்கிறது என்றே விளங்காத, உபயோகமில்லாதது மாதிரி தெரிகிற மூன்று வரி.

ஏலத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. அந்த மூன்று வரியைத் திரும்பப் போட்டுவிட்டால் தாள் பொருந்திவிடும், நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். போட்டேன், தாளும் பொருந்தியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. ஏன் பொருந்துகிறது என்று தெரியாமல் பொருந்தி என்ன பிரயோஜனம்? நாற்பத்தொன்றில் மாட்டிக்கொண்டதும் இப்படித் தெரியாமல்தானே. மூன்று வரியையும் திரும்ப எடுத்துவிட்டேன்.

ஒன்றரை நாள் அலைந்து பிடித்தேன். என் ஏழு வாசல் கணக்கில் வராமல் ஒளிந்திருந்த, திரையை மேலே நகர்த்துகிற பகுதி, கடைசி வரியைத் திரையில் மட்டும் அழிக்காமல் பட்டியலிலிருந்தே அழித்துக்கொண்டிருந்தது. இந்த மூன்று வரி ஓசைப்படாமல் அதைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. ஒருத்தன் பறிக்கிறான், இன்னொருத்தன் திருப்பி வைக்கிறான், இத்தனை நாளாக வெளியே ஒன்றும் தெரியவில்லை. திரைக்குப் பட்டியலைப் பார்க்கிற உரிமை மட்டும் போதும், தொடுகிற உரிமை கிடையாது என்று மாற்றி எழுதினேன். வியாபாரி சாம்பிளைப் பார்க்கலாம், கிட்டங்கிக்குள் போய் மூட்டையை அவிழ்க்க முடியாதே, அது மாதிரி. ஜன்னலில் வைத்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அச்சாக உட்கார்ந்தது. புதுப் பெண்ணைக் கட்டிப்பிடித்துவிட்டேன், அவள் பயந்துபோனாள்.

முழுப் புரோகிராமையும் திரும்ப பிரிண்ட் எடுத்தேன். பத்தொன்பது தாள். மேனேஜரிடம் கொண்டுபோய் வைத்தேன். பாஸ்கலில் அவருக்கு ஒரு எழுத்துத் தெரியாது. ஆனாலும் ஸ்கேலை எடுத்தார், கடைசித் தாளின் கடைசி வரியில் வைத்து மேலே படிக்க ஆரம்பித்தார். பத்தொன்பதையும் படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அழிக்கிறதுன்னு இந்த வார்த்தை பல இடத்துல வருதேம்மா?"

"கூப்புடறதுதான் சார் பல இடத்துல. அழிக்கிறது ஒரே இடம்." அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"ம்" என்றார்.

ஏலத்தன்று என்னைச் சோதிப்பதற்கென்றே எல்லாம் நடந்தது. காலையில் மூன்று தோட்டக்காரர்கள் லாட்டை வாபஸ் வாங்கினார்கள். பனிமூட்டத்தில் போடிமெட்டிலிருந்து ஒரு ஜீப்பு பிந்தி வந்து, கடைசி நம்பரில் ஒரு லாட்டு சேர்ந்தது. மூன்று வரி எடுத்தேன், ஒரு வரி வைத்தேன். மூன்று ஓட்டையும் அதனதன் இடத்தில் நின்றது. பிரிண்ட் எடுத்து மேனேஜரிடம் கொடுத்தேன், கீழிருந்து மேலே படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

காமு அண்ணன் சொன்னபடியே கையால் எழுதின பட்டியலோடு வந்து நின்றார். என் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், ஆனால் கூப்பிட்டதெல்லாம் தன் பட்டியலிலிருந்து. நான் சுவரோரம் நின்று ஒவ்வொரு லாட்டுக்கும் என் நகலில் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். எழுபத்தாறு வந்தது. "எழுபத்தாறு, ஆறு மூட்டை" என்றார். சட்டென்று நிறுத்தினார். என் தாளைப் பார்த்தார். அதில் ஒன்பது மூட்டை.

வியாபாரிகள் கையில் இருந்தது என் தாள். இருபது முப்பது தலை ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. முடிந்தது என்றே நினைத்தேன். காலையில் ஏதாவது விசையைத் தப்பாக அமுக்கினேனா, எந்த வாசலை அடைக்காமல் விட்டேன் என்று மனசு பத்தொன்பது தாளையும் புரட்டியது. மேனேஜர் கிட்டங்கிக்கு ஆள் அனுப்பி எடைச் சீட்டை எடுத்து வரச் சொன்னார்.

சீட்டு வந்தது. காமு அண்ணன் அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரும்ப ஒரு தடவை பார்த்தார்.

"ஒம்போதுதான். எழுதுனது நான், தப்பும் என்னுது" என்று அதே வெண்கலக் குரலில் ஹாலுக்கே சொன்னார். தன் பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகினார். என் தாளை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "எழுபத்தாறு, ஒம்போது மூட்டை" என்று ஆரம்பித்தார். அங்கிருந்து கடைசி லாட்டு வரை என் தாள்தான். ஒரு இடத்திலும் இடறவில்லை.

ஏலம் முடிந்து ஹால் காலியானதும் மேனேஜர் தன் அறைக்கு வரச் சொன்னார். போனேன். போனை எடுத்து மதுரைக்கு டிரங்கால் போட்டார். கேட்ட நம்பர் சேகருடைய கடை. எழுபத்தாறில் என்மேல் தப்பில்லையே, பிறகு எதற்கு இந்த போன் என்று கேட்க நாக்கு வரை வந்தது. அதற்குள் லைன் கிடைத்தது.

"போடியிலருந்து சண்முகவேல் பேசறேன். ஆமா, அந்த மெஷின் விஷயம்தான். அதே மாதிரி இன்னொண்ணு வேணும். இல்ல இல்ல, புரோகிராம் வேண்டாம், மெஷின் மட்டும் அனுப்புங்க. புரோகிராம் எங்க புஷ்பம் எழுதுனது இருக்கு" என்றார்.